டைரியின் பின்பக்கம்

எங்கள் சபையின் பெண்கள் ஐக்கிய சங்கத்தில், ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நோன்புக்கால வேதபாடத்துக்கு ஓசியா தீர்க்கதரிசியின் புத்தகத்தை நானாகக் கேட்டு வாங்கவில்லை. ஆளுக்கொரு புத்தகமாகப் பிரித்தபோது ரூத்தும் எஸ்தரும் முன்வரிசையில் இருந்தவர்களுக்குப் போய்விட்டன. மிஞ்சியது ஓசியா, 14 அதிகாரம். 31 வருடம் பள்ளியில் கணக்குப் பாடம் எடுத்திருக்கிறேன். ஞாயிறு பள்ளியில் அதற்கும் மேலே. ஆனால் ஓசியாவை யாருக்கும் நடத்தியதில்லை. முதல் அதிகாரம் இரண்டாம் வசனத்திலேயே, ஓசியா மணக்கும்படி கர்த்தர் சொல்லும் சோர ஸ்திரீ வந்து நிற்பாள். பத்து வயதுப் பிள்ளைகளை எதிரே வைத்துக்கொண்டு அதை எப்படி விளக்குவது? நேராக யோனாவின் மீனுக்குத் தாவிவிடுவேன்.

குறிப்பு எழுத ஒரு நோட்டுத் தேடினேன். காசு கொடுத்து நோட்டு வாங்குவது எங்கள் வீட்டில் பழக்கமில்லை; பழைய டைரிகளில் காலித் தாள் எவ்வளவோ கிடக்கும். அலமாரியின் அடித்தட்டில் ஆறு வருடத்துக்கு முந்தைய டைரி ஒன்று கிடைத்தது. முதல் பக்கத்தில் என் கையெழுத்து: “கர்த்தாவே, என் மகனுக்கு உம்முடைய சித்தத்தின்படியான துணையைத் தாரும். உலகப் பொருள் எதையும் நாங்கள் கேட்கவில்லை.” கீழே தேதி. அதற்கப்புறம் ஏழெட்டுப் பக்கம் ஜெபக்குறிப்பு. பிறகு வெறும் தாள். நல்லதாகப் போயிற்று என்று புரட்டிக்கொண்டே போனால், கடைசியில் எழுத்து தலைகீழாக வந்தது.

டைரியைத் திருப்பிப் பிடித்து, பின்னாலிருந்து இன்னொரு கணக்கு எழுதியிருக்கிறேன். அளவுகோல் வைத்துக் கோடு போட்டு ஆறு கட்டம். ஊர், படிப்பு, வேலை, பவுன், வீடு. ஆறாவது கட்டத்தின் தலையில் ‘ந’ என்று ஒற்றை எழுத்து. நம்மவர்கள் என்பதன் சுருக்கம். மொத்தம் 17 வரிசை. 16 வரிசையில் அந்தக் கட்டத்தில் டிக் இருந்தது. ஒன்றில் மட்டும் பெருக்கல் குறி, பேனா தாளைக் கிழிக்கும் அளவுக்கு இரண்டு தடவை அழுத்திப் போட்டது. அந்த வரிசையில் பவுனும் வீடும் காலி. அதை விசாரிக்கும் இடத்துக்கே நான் போகவில்லை.

அந்த வரிசையை அப்புறம் சொல்கிறேன். முதலில் ஓசியா.

ஓசியா கண்டிக்கிற அந்நிய தெய்வம் பாகால். அந்தப் பெயரைக் கேட்டதும் எங்கள் மனம் எங்கே போகும் என்பது எனக்குத் தெரியும். தெருமுனைக் கோவிலுக்குப் போகும். அடுத்த வீட்டுப் படையலுக்குப் போகும். சிறுவயது முதல் நாங்கள் கேட்ட பிரசங்கங்கள் அப்படி. ஆனால் 14 அதிகாரத்தையும் பென்சிலோடு உட்கார்ந்து படித்தபோது, ஓசியா அந்தப் பக்கம் விரல் நீட்டவே இல்லை என்று தெரிந்தது. அவருடைய வழக்கு முழுவதும் கர்த்தரோடு உடன்படிக்கை செய்துகொண்ட ஜனத்தோடுதான். பலி தவறாதவர்கள், பண்டிகை தவறாதவர்கள், நம்மைப்போல.

காலமும் பஞ்சகாலம் அல்ல. இரண்டாம் யெரொபெயாம் 41 வருடம் ஆண்ட காலத்தில் தொடங்கிய ஊழியம் அது. வடக்கு இஸ்ரவேலின் எல்லை விரிந்து, பணம் புழங்கிய நேரம். கி.மு. 722-ல் அதன் தலைநகர் சமாரியா அசீரியரிடம் விழுந்தது; அதற்குச் சில பத்தாண்டுகளுக்கு முன் யாரிடமாவது “தேசம் எப்படி இருக்கிறது?” என்று கேட்டிருந்தால், “கர்த்தருடைய கிருபையால் நன்றாக இருக்கிறோம்” என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

பாகால் மழைக்கும் விளைச்சலுக்கும் உரிய தெய்வம். சிரியாவின் கடலோரத்தில் ராஸ் ஷம்ராவில் 1929 முதல் தோண்டி எடுத்த களிமண் பலகைகள் அந்தத் தெய்வத்தின் கதையை விரிவாகவே சொல்கின்றன. எகிப்திலிருந்து மீட்க ஒருவர், செங்கடலைப் பிளக்க ஒருவர், சரி; ஆனால் இந்த ஐப்பசியில் என் வயலில் மழை பெய்ய வேண்டுமே? அதற்கு உள்ளூர் ஏற்பாடு. இஸ்ரவேலர் கர்த்தரை விட்டுவிடவில்லை. கர்த்தர் போதாது என்று பக்கத்தில் ஒருவரை வைத்துக்கொண்டார்கள்.

இதை என் மனத்தில் ஆணி அடித்தது மாதிரி இறக்கியது ஒரு சின்னச் செய்தி. 1910-ல் சமாரியாவைத் தோண்டியபோது மை கொண்டு எழுதிய ஓட்டுச் சில்லுகள் கிடைத்தன. கி.மு. 8-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. எண்ணெயும் திராட்சரசமும் எந்த ஊரிலிருந்து, யாரிடமிருந்து, எந்த ஆண்டில் வந்தன என்ற வரவுக் கணக்கு. அதில் வரும் ஆட்பெயர்களில் கர்த்தரின் நாமத்தைச் சுருக்கிச் சேர்த்த பெயர்களும் உண்டு, பாகாலைச் சேர்த்த பெயர்களும் உண்டு. ஒரே பண்டகசாலை, ஒரே கணக்கு. இரண்டு தெய்வத்தின் பெயரும் அருகருகே. கணக்கு டீச்சருக்கு அந்தச் சில்லு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். என் டைரி மேஜைமேல் விரிந்து கிடந்தது.

ஓசியா மணந்த கோமேர், இஸ்ரவேல் ஜனத்துக்கு உவமை. அவள் சொல்வதாக இரண்டாம் அதிகாரத்தில் ஒரு பட்டியல் வருகிறது. என் அப்பம், என் தண்ணீர், என் ஆட்டுமயிர், என் பஞ்சு, என் எண்ணெய், என் பானங்கள். இவற்றையெல்லாம் கொடுக்கிற என் நேசர்களின் பின்னே போவேன் என்கிறாள். பவுன், வீடு, வேலை என்று நான் போட்ட தலைப்புகளுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? மூன்று வசனம் தள்ளி கர்த்தர் பதில் சொல்கிறார்: தானியத்தையும் திராட்சரசத்தையும் எண்ணெயையும் கொடுத்தவர் நான்தான் என்று அவள் அறியாமற்போனாள். கோபத்தைவிடத் துக்கம்தான் அதில் அதிகம் என்று எனக்குப் படுகிறது. வீட்டுக்கு வாங்கிப்போட்டவன் ஒருவன் இருக்க, நன்றி வேறொருவனுக்குப் போகிறது.

இனி அந்தப் பதினேழாவது வரிசை. மகனிடமும் மருமகளிடமும் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

மகன் அப்போது சென்னையில் வேலையில் இருந்தான். ஒரு விடுமுறைக்கு வந்தவன், இரவு சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு பெண்ணைப் பற்றிச் சொன்னான். கூட வேலை செய்கிறவள். அங்கே ஒரு சபையில் ஞாயிறு பள்ளி எடுக்கிறாள். தகப்பனார் ஒரு கிராமத்தில் உபதேசியாராக இருந்தவர். எந்தக் கிராமம் என்று கேட்டேன். ஊர் பெயரைச் சொன்னதும் எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. எங்கள் பக்கத்தில் ஊர் பெயரே போதும், அதற்குமேல் கேட்க வேண்டியதில்லை.

நான் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால்கூட அவன் சண்டை போட்டிருப்பான், விஷயம் வெளியே வந்திருக்கும். “ஜெபிப்போம், ஐயா. தேவ சித்தம் என்னவோ அது நடக்கட்டும்” என்றேன். 40 நாள் ஜெபித்தேன். உண்மையாகவே முழங்காலில் நின்றேன், காலை நாலரை மணிக்கு. 41-ஆம் நாள் போன் செய்து, “ஜெபித்துப் பார்த்தேன், எனக்குச் சமாதானம் இல்லை” என்றேன்.

சபையில் வளர்ந்தவர்களுக்கு இந்த வாக்கியத்தின் பலம் தெரியும். அதற்கு மறுவார்த்தை கிடையாது. வேலை மாற்றத்துக்கும் வீடு வாங்குவதற்கும் சம்பந்தத்தைத் தட்டிக்கழிப்பதற்கும் இதையே சொல்கிறோம். எதிரில் இருப்பவர் வாய் திறந்தால் தேவனோடு வழக்காடுகிறவர் ஆகிவிடுவார்.

அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டான்: “சமாதானம் இல்லாதது உங்களுக்கா அம்மா, பெரியப்பாவுக்கா?”

நான் கோபித்துக்கொண்டு போனை வைத்தேன். கோபம் வந்ததற்குக் காரணம், அந்த 40 நாளில் ஒருநாள் ஜெபத்தின் நடுவில், கல்யாண மண்டப வாசலில் நின்று எங்கள் கொழுந்தன்மார் முகங்களை நான் எண்ணிக்கொண்டிருந்தது எனக்கு ஞாபகம் வந்ததுதான்.

ஓசியா இரண்டாம் அதிகாரத்தின் 16-ஆம் வசனம் இங்கேதான் என்னைப் பிடித்தது. “என்னை இனி பாகாலி என்று சொல்லாமல், ஈஷி என்று சொல்லுவாய்” என்கிறார் கர்த்தர். எபிரெயத்தில் பாகால் என்ற சொல்லுக்கு எஜமான் என்றும் பொருள், கணவன் என்றும் பொருள். ‘பாகாலி’ என்றால் என் எஜமான். ‘ஈஷி’ என்றாலும் என் புருஷன்தான். அப்படியானால் ஏன் இந்தத் திருத்தம்? ஜனங்கள் கர்த்தரையே பாகால் என்று கூப்பிடும் அளவுக்குப் பெயர்கள் குழம்பிப்போயிருந்தன என்று வேத விளக்கக்காரர்கள் சொல்கிறார்கள். வாயில் ஒரு பெயர்தான் வருகிறது. அது எவருடையது என்று கூப்பிடுகிறவனுக்கே தெரியவில்லை. நான் செய்தது அதன் மறுபக்கம். எங்கள் சாதிக்குக் கர்த்தர் என்று பெயர் வைத்து, அதன்முன் 40 நாள் முழங்காலில் நின்றிருக்கிறேன்.

தமிழ்ச் சபைக்கு இது புதிய நோயும் அல்ல. 1833-ல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேறுபாட்டை உடனே, அடியோடு விட வேண்டும் என்று தென்னிந்தியச் சபைகளுக்கு எழுதினார். திருவிருந்தில் தனித்தனியாக வருவது, ஆலயத்தில் தனித்தனியாக உட்காருவது எல்லாம் அதில் அடக்கம். தஞ்சாவூரில் பெருங்கூட்டமாக ஜனங்கள் சபையைவிட்டு விலகினார்கள். எங்கள் ஆலயத்தில் இப்போது உட்காருவதில் வித்தியாசம் இல்லை. பாத்திரமும் ஒன்றுதான். கல்யாணப் பேச்சு வரும்போது மட்டும் எல்லோரும் தத்தம் பண்டகசாலைக்குத் திரும்பிவிடுகிறோம்.

அந்தப் பெண்ணுக்கு அடுத்த வருடம் வேறு இடத்தில் கல்யாணம் நடந்தது. மகன் அதன்பின் மூன்று வருடம் பெண் பார்க்கவே விடவில்லை. பிறகு, பட்டியலின் ஒன்பதாவது வரிசை. “நாங்கள் ஒன்றும் கேட்கவில்லை, அவர்களாகப் போட்டார்கள்” என்று எல்லோரிடமும் சொன்னேன். 62 பவுனும் 5 லட்சம் ரொக்கமும். வாங்கியது சட்டப்படியும் தப்பு. 1961-ஆம் வருடத்து வரதட்சணைத் தடைச் சட்டத்தில் கிறிஸ்தவர்களுக்கு விலக்கு ஒன்றும் இல்லை. கேட்கவில்லை என்பதும் பொய்தான். டைரியில் 60 என்று முன்கூட்டியே எழுதியிருக்கிறதே! வேடிக்கை என்னவென்றால், ஓசியா மூன்றாம் அதிகாரத்தில் பணம் கொடுப்பது புருஷன். 15 வெள்ளிக்காசும் ஒன்றரைக் கலம் வாற்கோதுமையும் கொடுத்து, ஓடிப்போன மனைவியை மீட்டுக்கொண்டு வருகிறான். மோசேயின் நியாயப்பிரமாணத்தில் ஓர் அடிமையின் மதிப்பு 30 சேக்கல் வெள்ளி. வெள்ளி பாதிக்குத்தான் இருந்தது போலிருக்கிறது. மீதிக்குத் தானியம் அளந்திருக்கிறான். எனக்கு அந்த வாற்கோதுமைதான் கண்ணில் நிற்கிறது. கையில் முழுத்தொகை இல்லாதவன் வீட்டுத் தானியக் குதிரின் அடியைச் சுரண்டி அளந்த மாதிரி.

இதையெல்லாம் டைரி கிடைத்த அன்றே உணர்ந்து திருந்திவிட்டேன் என்று எழுத ஆசைதான். நடந்தது வேறு. அந்த வாரமே ஒரு மூன்றுநாள் உபவாசக் கூடுகைக்குப் போனேன். அழுதேன். இரண்டாம் நாள் மேடையேறி, “என் வாழ்க்கையில் ஒரு விக்கிரகம் இருந்தது, கர்த்தர் அதை உடைத்தார்” என்று சாட்சி சொன்னேன். என்ன விக்கிரகம் என்று சொல்லவில்லை. எல்லோரும் அல்லேலூயா சொன்னார்கள். உடல் இலேசாக இருந்தது. ஊருக்கு வந்து பத்தாம் நாள், என் நாத்தனார் ஒரு மாப்பிள்ளை விவரம் கொண்டுவந்தாள், என் சின்ன மகளுக்கு. நான் கேட்ட முதல் கேள்வி: “நம்மவர்கள்தானே?”

“உங்கள் பக்தி காலையில் காணும் மேகத்தைப்போலவும், விடியற்காலையில் தோன்றும் பனியைப்போலவும் ஒழிந்துபோகிறது” என்று ஆறாம் அதிகாரத்தில் இருக்கிறது. அதற்கு முன்னால் இருக்கிற வசனங்களோ, “கர்த்தரிடத்தில் திரும்புவோம் வாருங்கள்” என்று நாம் பாட்டாகவே பாடுகிறவை. அந்த அழகான திரும்புதலுக்கு வந்த மறுமொழிதான் இந்தப் பனி. இப்போது கூடுகைகளில் அழுகை வந்தால் எனக்குள் ஒரு சந்தேகமும் கூடவே வருகிறது. பெயர் சொல்லாத பாவத்துக்காக அழுதுவிட்டால் மனம் அதோடு திருப்தியாகிவிடும். கண்ணீர் கெட்டது என்று சொல்லவில்லை. ஆனால் பெயர் சொல்லுங்கள். மேடையில் வேண்டாம், உங்களை மெச்சாத ஓர் ஆளிடம் சொல்லுங்கள்.

எனக்கு அப்படி ஓர் ஆள் வேதபாட வகுப்பிலேயே இருந்தார். ஓய்வுபெற்ற நர்ஸ், எழுபதைத் தாண்டியவர், நாங்கள் பெரியம்மா என்று கூப்பிடுவோம். மூன்றாம் வாரம் அவர் எழுந்து, “டீச்சர், மூன்று வாரமாகக் கோமேரையே அடித்துத் துவைக்கிறீர்கள். ஆண்கள் பக்கத்துக்கு ஒன்றும் கிடையாதா?” என்றார். நியாயமான கேள்வி. இந்த உவமையை வைத்துப் பெண்களைக் கரித்துக்கொட்டிய பிரசங்கங்களை நானும் கேட்டிருக்கிறேன். அதற்காக வீட்டில் தேடினேன். நம் பழைய வேத மொழிபெயர்ப்பில் யாக்கோபு 4:4 “விபசாரரே, விபசாரிகளே” என்று தொடங்குகிறது. பழைய கிரேக்கப் பிரதிகளில் ஆண்பால் சொல் இல்லை, பெண்பால் மட்டும்தான். அதாவது சபையில் இருந்த ஆண்கள், மூப்பர்கள், எல்லோரையும் சேர்த்து ‘விபசாரிகளே’ என்று கூப்பிடுகிறார் யாக்கோபு. ஓசியாவின் வழியில் வந்த பேச்சு அது. ராஜா முதல் ஆசாரியன் வரை முழு ஜனமும் கோமேர். அடுத்த வாரம் இதைச் சொன்னபோது பெரியம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, “இதை ஆண்கள் ஐக்கியத்துக்குப் போய்ச் சொல்லுங்கள்” என்றார்.

அவரிடம்தான் டைரியைக் காட்டினேன். ஆறாவது கட்டத்தில் விரல் வைத்து, “இது என்ன ‘ந’?” என்றார். சொன்னேன். “நான் எந்த ‘ந’ என்று உங்களுக்குத் தெரியும் அல்லவா?” என்றார். தெரியும். அவர் எங்களவர் இல்லை. 22 வருடமாக ஒரே பெஞ்சில் உட்காருகிறோம்.

பிறகு செய்தவை இவை. மருமகளின் நகை முழுவதும் என் பெயரிலிருந்த லாக்கரில் ‘பாதுகாப்பாக’ இருந்தது. அவளைக் கூட்டிக்கொண்டுபோய் லாக்கரை அவள் பெயருக்கு மாற்றினேன். வங்கியில் இரண்டு மணி நேரம் ஆயிற்று, அவ்வளவுதான். ரொக்கத்தைச் சம்பந்தியிடம் திருப்பிக் கொடுக்கப் போனபோது அவர் பதறிவிட்டார். “இப்போது எதற்கு இதெல்லாம்? பிள்ளைகளுக்குள் ஏதாவது பிரச்சினையா?” என்று கேட்டார். பணத்தைத் திருப்பித் தந்தால் சம்பந்தம் முறிகிறது என்றுதான் எங்கள் ஊரில் பொருள். பென்ஷனிலிருந்து மாதாமாதம் மருமகளின் பெயரில் போட்டு வருகிறேன். என் கணவர் இதற்குச் சம்மதித்தார் என்று சொல்ல முடியாது, தடுக்கவில்லை.

மகனிடம் மன்னிப்புக் கேட்டதுதான் கஷ்டம். தேவனிடம் கேட்பது எளிது, அவர் எதிரில் உட்கார்ந்து முகத்தைப் பார்ப்பதில்லை. மகன் பார்த்தான். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “சரி அம்மா. ஒன்று மட்டும். இனிமேல் அவளை உங்கள் ஜெபத்தில் இழுக்காதீர்கள்” என்றான். அவன் சொன்னபடியே நடக்கிறேன். அந்தப் பெண்ணிடம் கேட்க வேண்டிய மன்னிப்பு அப்படியே நிற்கிறது. அதைத் தேடிப்போய்க் கேட்பது என் மன ஆறுதலுக்காக அவள் வீட்டைக் கலைப்பதாகும்.

ஜெப டைரியை விடவில்லை. ஆனால் இப்போது ஜெபமும் கணக்கும் ஒரே பக்கத்தில், மேலும் கீழுமாக எழுதுகிறேன். “மகளுக்கு உமக்குப் பிரியமான துணை” என்று மேலே எழுதினால், உண்மையில் எனக்கு என்னென்ன வேண்டுமோ அதைக் கீழே எழுதுகிறேன், வெட்கமாக இருந்தாலும். சில நாள் அந்த வெட்கம்தான் அன்றைய ஜெபம். இன்னொன்று: ‘தேவ சித்தம்’ என்று வாயில் வரும்போதெல்லாம், அந்தச் சித்தம் கடைசியாக எப்போது என் சொந்தக்காரர்களின் விருப்பத்துக்கு மாறாக இருந்தது என்று தேடிப் பார்க்கிறேன். போன வருடம் வரை ஒரு தடவைகூட இல்லை. 31 வருடம் விடைத்தாள் திருத்தியவளுக்கு, இரண்டு பேருடைய விடை வரிக்கு வரி ஒன்றாக இருந்தால் என்ன அர்த்தம் என்று தெரியாதா?

சின்ன மகளுக்கு 27 வயது. அவளிடம் முதலில் கேட்டேன். அவள் சரி என்ற பிறகு, ஒரு திருமணத் தகவல் மையத்தில் படிவம் நிரப்பிக் கொடுத்தேன். பெயர், ஞானஸ்நானம், திடப்படுத்தல், சபை, படிப்பு. நடுவில் ‘பிரிவு’ என்று ஒரு கட்டம். எந்தப் பிரிவு என்று எல்லோருக்கும் தெரியும். பேனா அங்கே வந்ததும் கை தானாக எழுதத் தொடங்கியது. முதல் எழுத்தை எழுதிவிட்டேன். அடித்துவிட்டு, வேறு படிவம் வாங்கி மறுபடி நிரப்பினேன்.

இரண்டு நாளில் அங்கிருந்து போன் வந்தது. “டீச்சர், படிவத்தில் ஒரு கட்டம் விட்டுப்போயிருக்கிறது.”

“விட்டுப்போகவில்லை, தம்பி. நான்தான் விட்டிருக்கிறேன்.”

அவர் தயங்கினார். நல்ல பையன், என்னிடம் எட்டாம் வகுப்புப் படித்தவன். “அதில்லை டீச்சர், இங்கே பிரிவுவாரியாகத்தான் கட்டுக் கட்டி வைத்திருக்கிறோம். இதை எந்தக் கட்டில் வைப்பது?”

“மொத்தம் எத்தனை கட்டு இருக்கிறது?”

எண்ணிப் பார்த்துவிட்டு, “ஏழு” என்றார்.

“ஏழு நகல் எடுத்து எல்லாவற்றிலும் ஒவ்வொன்று வையுங்கள்.”

நகல் எடுக்க 14 ரூபாய் ஆகும் என்றார். மறுநாள் போய்க் கொடுத்துவிட்டு வந்தேன்.